பெயர் யாருடையது?

கெடாவில் சுங்கை பட்டாணி, கூலிம் முதலிய ஊர்களில், தோட்டம் விட்டு வந்த பெண்கள் பலர் பலகாரம் விற்றும் துணி தைத்தும் குடும்பத்தைத் தாங்குகின்றனர். ஆயினும் கடனுதவி நாடும்போது, உழைப்பினும் 1956ஆம் ஆண்டு வியாபாரப் பதிவுச் சட்டப்படி பெற்ற பத்திரமே பெரும்பாலும் சாட்சியாகிறது. இந்திய வியாபாரிகளுக்கென 2008இல் தெக்குன் வழியே ‘ஸ்பூமி’ கடன் திட்டமும், இந்தியப் பெண்களுக்கென 2024இல் அமானா இக்தியார் வழியே 50 மில்லியன் ரிங்கிட்டில் ‘பெண்’ திட்டமும் வந்தன. நன்றே.

ஆனால், பத்திரம் மனைவி பெயரில், கல்லாவும் கணக்கும் கணவன் கையில் என்றிருப்பின், அது யாருடைய வியாபாரம்? தனியாள் வியாபாரத்தில் கடன் முழுமைக்கும் பெயருடையவரே பொறுப்பு. ஆதலால் இலாபம் அவனுக்கு, வழக்கு அவளுக்கு! “அவள் சம்மதித்தாளன்றோ?” என்பர். மறுத்தால் வீட்டில் என்ன நேருமோ என்றஞ்சித் தந்த கையெழுத்து சம்மதமாகுமா?

ஒப்பந்தத்துக்காகப் பிறர் பெயரை முன்னிறுத்தும் ‘அலிபாபா’ வியாபாரத்தை நாம் நெடுங்காலம் பழித்து வந்தோம். அதையே நம் வீட்டில் செய்யும்போது ‘குடும்பம்’ என்று பெயரிடுகிறோம். அப்பணத்தால் கடை வைத்திருக்கக்கூடிய வேறொரு பெண் வெறுங்கையோடு திரும்புவதை நாம் காண்பதில்லை.

அரசாங்கம் சோதனையைப் பெருக்கட்டும் என்போமா? பெருக்கினால், ஒருநாள் வருமானமிழந்து அலுவலகப் படியேறுபவள் உண்மையாய் உழைப்பவளே. பத்திரத்தில் எவள் பெயருளதோ அவள் கையில் கணக்கும் கல்லாச் சாவியும் இருக்கட்டும். இதற்குச் சட்டம் வேண்டா. கணவன்மார் சாவியைக் கொடுத்தாற் போதும்.