காலடிச் சத்தம்

பரண் இல்லாமல், தரையில் பதுங்கி, எதிர்க்காற்றில், சருகு நொறுங்காமல் 20 அடிக்குள் நெருங்கி மானைக் கொல்வது நியாயமான வேட்டை என்பார்கள். எனக்கு ஒப்பவில்லை. பந்தயம்னா ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கணும்; மானுக்குத் தெரியாதே.

ஆனால் அந்த நெருக்கத்துக்குக் கவனம் வேண்டும். புதுக்கோட்டை சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் சமணத் துறவிகளின் கற்படுக்கைகள் இருக்கின்றன. எறும்பு மிதிபடாமல் அடி பார்த்து நடப்பது அவர்கள் நெறி. வேட்டைக்காரனும் அதே நடைதான் நடக்கிறான், கொல்வதற்காக. அப்படியென்றால் கவனம் மட்டும் அறமாகிவிடாது.

கவனமே இல்லாவிட்டால்? 1972 வனவிலங்குச் சட்டப்படி இன்று மான்வேட்டை குற்றம், சரிதான். ஆனால் வேட்டைக்காரன் மானின் கண்ணைப் பார்த்திருப்பான். ஞாயிற்றுக்கிழமை கறுப்புப் பையில் கறி வாங்கி வரும் நான் எந்த ஆட்டின் கண்ணையும் பார்த்ததில்லை. அவனைக் கொடூரன்னு சொல்ல எனக்கு வாய் வரல.