துடைத்தும் போகாத ஒளி

கல்லூரியில் இயற்பியல் செய்முறை பழகும் பிள்ளைகளுக்கு நிறமாலைமானி முரண்டு பிடிப்பது புதிதல்ல. கீற்றணி வைத்துப் பார்த்தால் சோடியம் விளக்கின் 589.0, 589.6 நானோமீட்டர் கோடுகள் இரண்டாகப் பிரியாமல் ஒரே மஞ்சள் பட்டையாக நிற்கும். பெரும்பாலும் பிளவை அகலத் திறந்துவைத்ததுதான் காரணம். குறுக்கினால் தீர்ந்தது.

தீராத கோளாறும் உண்டு. 1923-இல் கல்கத்தாவில் சி.வி. ராமனின் மாணவர் கே.ஆர். ராமநாதன், நீர் சிதறடித்த ஒளியில் இருக்கக்கூடாத நிறம் மங்கலாகக் கலந்திருப்பதைக் கண்டார். திரவத்தில் அழுக்கு என்றுதான் முதலில் நினைத்தார்கள், நியாயமான சந்தேகம். திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்தும் அது போகவில்லை. பிறகு வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் பல திரவங்களில் அதையே கண்டார். 1928 பிப்ரவரி 28 அன்று ராமன் நிறமாலைகாட்டி வழியே பார்த்தபோது அது தனித்துத் தெரிந்தது. அதுதான் ராமன் விளைவு. 1930-இல் ராமனுக்கு நோபல் பரிசு.

தம்பி தங்கைகளே, பிளவு, குவியம், விளக்கு எல்லாவற்றையும் முதலில் சரிபாருங்கள். அதன் பிறகும் புத்தகத்திலுள்ள அளவு வராவிட்டால், பக்கத்து மேசையைப் பார்த்து எழுதாமல், கண்ட அளவையே குறிப்பேட்டில் எழுதுங்கள்.