அவசரத்தின் விலை

2017 ஜூலையில் ஒரு சனிக்கிழமை. மேடவாக்கம் – சோழிங்கநல்லூர் சாலையில் ஒரு டீக்கடை வாசலில் நின்றுகொண்டு புரோக்கர் என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சார், அவசரப்படாதீங்க. அவருக்கு வேல போயி நாலு மாசம் ஆச்சு. ரெண்டு ஈஎம்ஐ பவுன்ஸ் ஆயிருக்கு. மூணாவதும் போச்சுன்னா பேங்க் கழுத்தப் பிடிக்கும். ரெண்டு மாசம் பொறுங்க, அம்பதுக்கு அவரே வந்து நிப்பாரு."

நாங்கள் அப்போதுதான் பார்த்துவிட்டு வந்த மூன்று படுக்கையறை பிளாட்டுக்கு அவர் கேட்ட விலை 60 லட்சம். 2013இல் அவர் வாங்கியது 66க்கு. சுற்றுச்சுவர், செக்யூரிட்டி, நீச்சல் குளம், பிள்ளைகள் விளையாட இடம் என்று கேட்டட் கம்யூனிட்டிக்கு உண்டான எல்லாமும் இருந்தது. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கல்யாணமாகி ஒரு வருஷம். புரோக்கர் சொன்னதைக் கேட்டதும் மனசுக்குள் ஒரு சின்னக் குதூகலம் வந்தது. அந்தக் குதூகலத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அந்த வருஷம் வீட்டுச் சந்தை ஏன் படுத்துக் கிடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பர் வெள்ளம் தென்சென்னையின் மேல் இருந்த நம்பிக்கையைக் கரைத்திருந்தது. 2016 செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றம் தடை போட்டது. நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. வீட்டு விலையில் பாதியைப் பையில் கொண்டுவந்து கொடுத்த ஆட்கள் காணாமல் போனார்கள். 2017 ஜூனில் தமிழக அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. அதே கையோடு பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கியது. ஐ.டி. கம்பெனிகளில் ஆட்குறைப்புப் பேச்சு. ஆக, வாங்க நினைத்தவர்கள் எல்லோரும் 'இன்னும் இறங்கும்' என்று காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தவன்தான். அதில் எனக்கு எந்த உறுத்தலும் இல்லை.

உறுத்தல் வேறு இடத்தில் தொடங்கியது. வீட்டைச் சுற்றிக் காட்டிய பிறகு அந்த மனிதர் எங்களைக் கார் பார்க்கிங்குக்குக் கூட்டிப்போனார். ஒரு தூணில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. "2015ல தண்ணி இதுவரைக்கும் வந்துச்சு தம்பி. மூணு நாள் கரண்ட் இல்ல. என் வண்டி போச்சு. குடிவர்றவங்க தெரிஞ்சுக்கிட்டு வரணும்ல." புரோக்கர் முகம் சுருங்கிவிட்டது. நான் கேட்கவே இல்லை, அவராகக் காட்டினார். தன் விலையைத் தானே இறக்கும் ஒரு தகவலைச் சொன்னார். அடுத்த பத்தாவது நிமிஷம் டீக்கடை வாசலில், அவர் சொல்லாத ஒரு தகவலை வைத்து அவர் விலையை மேலும் இறக்க நான் திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்.

வீடு விற்பவன் எதைச் சொல்ல வேண்டும் என்பது பழைய கேள்வி. கி.மு. 44இல் சிசரோ தன் மகனுக்கு எழுதிய 'கடமைகள்' நூலில் இதே உதாரணம் இருக்கிறது. ஒருவன் வீட்டை விற்கிறான். படுக்கையறைகளில் பாம்பு வரும், மரவேலை மோசம், இது அவனைத் தவிர யாருக்கும் தெரியாது. சொல்ல வேண்டுமா? சட்டம் கேட்பதைச் சொன்னால் போதும், நான் பொய் சொல்லவில்லையே என்கிறார் பாபிலோனின் டயோஜனிஸ். அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர், வாங்குபவனுக்கு எல்லாம் தெரிந்தாக வேண்டும் என்கிறார். சிசரோ மாணவர் பக்கம் நிற்கிறார். ஆனால் இந்த உதாரணத்தில் மறைப்பவன் எப்போதும் விற்பவன்தான். என் கதையில் அது தலைகீழாக இருந்தது.

சந்தையின் பதில் எளிமையானது. அவர் பெரியவர், படித்தவர், சம்மதித்துத்தான் கையெழுத்துப் போடப் போகிறார். நான் வாங்காவிட்டால் அவருக்கு இன்னும் கஷ்டம். இதில் தப்பு எங்கே? என் மனைவியும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னாள், இன்னும் கூர்மையாக: "பத்து லட்சம்ங்கறது நம்ம நாலு வருஷச் சேமிப்பு. தர்மம் பண்ணணும்னா தர்மம்னு சொல்லிப் பண்ணு. விலைன்னு பேரு வைக்காத."

என்னிடம் பதில் இல்லை. அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனேன்.

என் ஊர் பத்தமடை. பாய்க்குப் பேர்போன ஊர். கோரையை ஓடுற தண்ணியில் ஊறப்போட்டு, நூலாட்டம் கிழித்து, பருத்திப் பாவில் கோத்து நெய்கிற பட்டுப்பாய், முடிய வாரக்கணக்கில் ஆகும். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை, பெண் பெயரையும் சேர்த்து நெய்வார்கள். எனக்குப் பத்து வயசு இருக்கும்போது எங்கள் திண்ணையில் நடந்த ஒன்றை அப்பாவிடம் ஞாபகப்படுத்தினேன். பக்கத்துத் தெருவில் பாய் நெய்யும் அக்கா ஒருத்தி அப்பாவிடம் வந்து அழுதாள். ஒரு வியாபாரி பெயர் போட்ட கல்யாணப் பாய்க்கு ஒரு விலை பேசிவிட்டுப் போயிருக்கிறான். வாங்க வரும்போது அதில் முக்கால் பங்குதான் தருவேன் என்கிறான். ஏன்? அந்தப் பாயை அவனைத் தவிர வேறு யாரும் வாங்க முடியாது. ஊர் பேர் தெரியாத ஒரு மாப்பிள்ளை, பெண்ணின் பெயர் விழுந்த பாயை யாருக்கு விற்பது?

"பாய்க்கு என்னல கொறச்சல்?" என்றார் அப்பா, இப்போதும் அந்தக் கோபம் போகாமல். "கோரையும் அதே கோரதான், நெசவும் அதே நெசவுதான். அவளுக்கு வேற வழி இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டான்லா. அந்த வழி இல்லாததுக்குத்தான் வெலை கேக்கான்."

திரும்பி வரும்போது ரயிலில் எனக்கு விஷயம் கொஞ்சம் பிடிபட்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் நியாய விலை பற்றி எழுதியபோது கிட்டத்தட்ட அப்பா சொன்னதைத்தான் சொல்லியிருக்கிறார். ஒரு பொருள் வாங்குபவனுக்கு அவனுடைய சூழ்நிலையால் மிகவும் தேவைப்படுகிறது என்பதற்காக விற்பவன் விலையை ஏற்றக் கூடாது. ஏனென்றால் அந்தத் தேவை விற்பவனுடையது அல்ல. தன்னுடையது அல்லாததை ஒருவன் விற்க முடியாது. இதை அப்படியே திருப்பிப் போட்டால் என் கேள்விக்குப் பொருந்துகிறது. அவருடைய கஷ்டம் என் சொத்து இல்லை. அதற்கு நான் விலை வசூலிக்க முடியாது.

இங்கே இரண்டு வகை இறக்கத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 66 லட்சத்துக்கு வாங்கிய வீடு வெள்ளத்தாலும் நோட்டுத் தடையாலும் இறங்கினால், அது அந்த வீட்டின் இன்றைய விலை. அந்தச் சாலையில் வீடு வைத்திருக்கும் எல்லோருக்கும் அதே இறக்கம்தான். அதை நான் எடுத்துக்கொள்ளலாம். நாளைக்கு இன்னும் விழுந்தால் நஷ்டமும் என்னுடையது. ஆனால் 'மூணாவது ஈஎம்ஐ பவுன்ஸ் ஆனால்' என்பதால் வரும் இறக்கம் வீட்டைப் பற்றியதே இல்லை. தவணை 90 நாள் நிலுவையில் நின்றால் கடன் வாராக்கடன் ஆகும். 2002ஆம் வருஷத்து சர்ஃபேசி சட்டப்படி வங்கி 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்பும். அதற்குப் பிறகு வீட்டைக் கையகப்படுத்தி ஏலம் விடலாம். புரோக்கர் என்னைக் காத்திருக்கச் சொன்னது சந்தைக்காக அல்ல, இந்தக் காலண்டருக்காக.

இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. அதே கட்டடத்தில், அதே அளவு வீட்டை, எந்த நெருக்கடியும் இல்லாத ஒருவர் விற்றால் நான் என்ன கொடுப்பேன்? அதுதான் விலை. நான் விசாரித்தேன். ஆறு மாதத்துக்குள் அங்கே இரண்டு வீடுகள் கைமாறியிருந்தன. ஒருவர் கனடா போனவர், இன்னொருவர் பெரிய வீட்டுக்கு மாறியவர். ஒன்று 56, ஒன்று 57. நான் 56 சொன்னேன். அவர் கேட்ட 60ஐயும் கொடுக்கவில்லை, அவரால் மறுக்க முடியாத 50ஐயும் கேட்கவில்லை. 56 தர்மமும் இல்லை என்று மனைவியிடம் சொன்னேன். நம்முடையது அல்லாத ஆறு லட்சத்தை எடுக்காமல் விட்டது எப்படி தானமாகும்? அவள் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. "அவர் இடத்துல நீ இருந்தா எவனாவது இப்படி யோசிப்பானா?" என்றாள். யோசிக்க மாட்டார்கள் என்றுதான் நானும் நினைக்கிறேன். வள்ளுவர் வணிகனுக்கான அறத்தைப் பொருட்பாலில் வைக்காமல் அறத்துப்பாலில் நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்தது அதனால்தானோ என்னவோ. மற்றவன் என்ன செய்வான் என்று கணக்குப் போட்டுச் செய்கிற காரியம் இல்லை அது.

இந்த விதிக்கு ஒரு பெரிய ஓட்டை இருப்பதையும் சொல்ல வேண்டும். கண் முன்னால் நிற்கிற, என்னைப் போலவே படித்த, தம்பி என்று கூப்பிடுகிற ஒருவரிடம்தான் இது வேலை செய்கிறது. எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் பெரும்பாக்கம் குடியிருப்பு. சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களை, குறிப்பாக 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து எடுத்தவர்களைக் கொண்டுவந்து வைத்த இடம். பழைய வேலையைத் தொலைத்துவிட்டு வந்த பெண்கள் எங்கள் வளாகத்தில் வீட்டு வேலைக்கு வருகிறார்கள். அவர்களுக்கும் வேறு வழி இல்லை. அந்த வழி இல்லாததற்கும் ஒரு விலை உண்டு. எங்கள் குடியிருப்போர் சங்கம் அதை 'மார்க்கெட் ரேட்' என்கிறது. பத்தமடை வியாபாரியை நான் திட்டுவதற்கு முன்னால் இதை யோசிக்க வேண்டியிருக்கிறது. வீடு வாங்குவது ஒரு நாள் காரியம். சம்பளம் கொடுப்பது மாதா மாதம் வருவது. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கிறோம். அது நியாய விலையா என்று கேட்டால் எனக்குச் சோதனை கிடையாது. நெருக்கடி இல்லாத ஒருவர் அந்த வேலைக்கு வரவே மாட்டார் என்பதால்.

தூண் கதை முடியவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடியும் தண்ணீர் வந்தது. பழைய கோட்டுக்கு ஒரு சாண் கீழே புதுக் கோடு. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு 2022இல் ராம்சர் அங்கீகாரம் கிடைத்துவிட்டது, 1,247 ஹெக்டேர். ஆனால் தண்ணீருக்குத் தெரிந்த சதுப்பு நிலம் அதைவிடப் பெரியது. நாங்கள் அதற்குள்தான் குடியிருக்கிறோம். போன வருஷம் சங்கக் கூட்டத்தில் பார்க்கிங் தூண்களுக்கு பெயிண்ட் அடிக்கத் தீர்மானம் வந்தது. "ரீசேல் வேல்யூ அடிபடுது" என்றார்கள். எல்லோரும் கை தூக்கினார்கள்.

எனக்கும் கை லேசாக எழும்பியது என்பதை மறைக்கவில்லை. என் கடன் இன்னும் பதினோரு வருஷம் பாக்கி. ஐ.டி. வேலையை நம்பி எதையும் சொல்ல முடியாது. நாளைக்கே நானும் விற்க வேண்டி வரலாம், அவசரமாக. அந்த மனிதரை நினைத்துக்கொண்டேன். இப்போது கோவையில் இருக்கிறார், வேறு வேலை. தீபாவளிக்கு ஒரு மெசேஜ் வரும், அவ்வளவுதான் பழக்கம். எழுந்து, என் இடத்துக்குப் பக்கத்துத் தூணை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். காரணம் கேட்டார்கள். வாங்க வருகிறவர்களுக்குக் காட்ட என்றேன். சிரித்தார்கள். விட்டுவிட்டார்கள்.