அழகு யாருக்குச் சொந்தம்?

விடுமுறைப் பயணம் ஒன்றைத் திட்டமிடும்போது நாம் எழுப்பும் வினாக்கள் பெரும்பாலும் நம்மைப் பற்றியனவே. எப்போது புறப்படலாம்? எங்கே தங்கலாம்? எவ்வளவு செலவாகும்? எதைக் காணத் தவறக் கூடாது? இவை தேவையான வினாக்களே. ஆயினும், இவற்றுக்கெல்லாம் முந்திய வினா ஒன்றுண்டு: அழகிய ஓரிடத்தைக் காண்பதற்கு நமக்குள்ள உரிமை எத்தகையது? இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள ஏரி மாவட்டத்திற்கு இலையுதிர் காலத்தில் செல்ல எண்ணுவோர் இவ்வினாவைத் தவிர்க்க இயலாது. அம்மண்ணிலேயே ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அது கேட்கப்பட்டு வருகிறது.

அக்டோபர் மாதத்தில் அங்கே மலைச்சரிவுகளின் பெரணிகள் செம்பழுப்பாக மாறுகின்றன. காடுகள் பொன்னிறம் பூணுகின்றன. காற்றடங்கிய காலைகளில் ஏரிகள் அந்நிறங்களை அப்படியே ஏந்தி நிற்கின்றன. பகல் குறுகும், மழையும் அடிக்கடி வரும். எனினும், கோடையில் மக்கள் திரளும் மாதங்களைவிடச் செப்டம்பரும் அக்டோபருமே சிறந்தவை எனக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் தம் வழிகாட்டி நூலில் பரிந்துரைத்தார். 1810இல் பெயரின்றி வெளிவந்து, பின்னர் விரிவாக்கப்பட்ட அந்நூலில் அவர் மேலும் ஒன்று கூறினார்: காணும் கண்ணும் களிக்கும் நெஞ்சமும் உடைய எவருக்கும் பங்குள்ள தேசியச் சொத்தாக இப்பகுதி கருதப்பட வேண்டும் என்பதே அது.

அதே கவிஞர், 1844ஆம் ஆண்டில், கெண்டல் நகரிலிருந்து விண்டர்மியர் ஏரியை நோக்கி இருப்புப்பாதை அமைக்கும் திட்டத்தை வன்மையாக எதிர்த்து நாளிதழில் எழுதினார். தொழில் நகரங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்திறங்கினால் அமைதி குலையும் என அஞ்சினார். இத்தகைய இயற்கைக் காட்சியைச் சுவைக்கும் உள்ளம் நெடுங்காலப் பயிற்சியால்தான் உருவாகும் என்றும் வாதிட்டார். அவர் எதிர்த்தும், 1847இல் இரயில் வந்தது.

அவருடைய அச்சம் ஆதாரமற்றதென நாம் தள்ளிவிட முடியாது. 1951இல் தேசியப் பூங்காவாகவும், 2017இல் உலகப் பாரம்பரியக் களமாகவும் அறிவிக்கப்பட்ட அப்பகுதியில் வாழ்வோர் ஏறத்தாழ 40,000 பேர். ஆண்டுதோறும் வருவோரோ ஒரு கோடிக்கும் மேற்பட்டோர். பெரும்பாலோர் காரிலேயே வருகின்றனர். குறுகிய சாலைகள் திணறுகின்றன. வீடுகள் பல விடுமுறை இல்லங்களாக மாறிவிடுவதால், அவ்வூரில் பிறந்த இளைஞர்கள் குடியிருக்க வீடின்றி வெளியேற நேரிடுகிறது.

ஆனால், 'காணும் கண்' என்னும் தகுதியைப் பிறர் முன் அடைக்கும் கதவாக மாற்ற எவருக்கு உரிமை உண்டு? நாள் முழுதும் ஆலைப் புகையில் உழைத்தவனின் நெஞ்சத்தை அளக்கும் கோல் எது? "நான் வரலாம், கூட்டம் வரக் கூடாது" என்று சொல்லும் ஒவ்வொருவரும் அக்கூட்டத்தில் ஒருவரே அன்றோ?

இந்த வினாவுக்கு விடையொன்றை எளிய மக்களே அளித்தனர். 1895இல் ஆக்டேவியா ஹில், ராபர்ட் ஹண்டர், கெசிக் அருகே பங்குக் குருவாக இருந்த ஹார்ட்விக் ரான்ஸ்லி ஆகிய மூவரும் நேஷனல் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளையைத் தோற்றுவித்தனர். டெர்வெண்ட்வாட்டர் ஏரிக்கரையில் பிராண்டல்ஹவ் என்னும் 100 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் விற்பனைக்கு வந்தபோது, அதை வாங்கப் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டினர். 1902 அக்டோபரில், ஓர் இலையுதிர் கால நாளில், அது அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. நன்கொடை அளித்தோருள் ஓர் ஆலைத் தொழிலாளியும் இருந்தார். வாழ்நாளெல்லாம் அந்த ஏரிகளைக் காண ஏங்கியதாகவும், இனித் தாம் காணப்போவதில்லை எனினும் பிறருக்காக அவற்றைக் காக்க உதவ விரும்புவதாகவும் அவர் எழுதியிருந்தார். கண்ணால் காணாத அழகைக் காக்கச் சில்லறைக் காசு அனுப்பிய அந்த மனிதரைவிடக் 'காணும் கண்' உடையவர் யார்?

எனவே, அழகின்மீது நமக்குள்ள உரிமை விருந்தினரின் உரிமை. விருந்தினருக்குக் கதவு திறந்திருக்கிறது, கடமையும் காத்திருக்கிறது. நம் திட்டமும் அதற்கேற்ப அமையட்டும். இரயில் விண்டர்மியர் வரை செல்கிறது. அங்கிருந்து பேருந்தும் படகும் உண்டு. ஐந்து இடங்களை ஓடி ஓடிப் பார்ப்பதைவிட ஓரிடத்தில் ஐந்து நாள் தங்கலாம். உள்ளூரார் நடத்தும் விடுதியையும் கடையையும் நாடலாம். இலையுதிர் காலம் அங்குள்ள ஆயர்களுக்கு விடுமுறையன்று. மலைமேல் மேயும் ஹெர்ட்விக் ஆடுகளைத் திரட்டி இறக்கும் காலம். நாம் வியக்கும் கற்சுவர்களும் பசும்புல் சரிவுகளும் அவர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்ததன் பயன். ஆகவே, மூடியிருந்த வேலிக்கதவை மீண்டும் மூடிச் செல்வதும், இட்ட பாதையை விட்டு விலகாது நடப்பதும் சிறு செயல்களல்ல.

பயணப் பையில் எதை எடுத்துச் செல்வது என்று பட்டியலிடும்போது, நமக்குப் பின் வருவோருக்கு எதை விட்டுவரப் போகிறோம் என்பதையும் எண்ணிக்கொள்வோம். தாம் காணாத ஏரிக்கு அந்தத் தொழிலாளி செலுத்திய காணிக்கையால்தான், இன்று நாம் அதன் கரையில் தடையின்றி நிற்க முடிகிறது.