குழாயின் மறுமுனை

தமிழ்நாட்டிலிருந்து வந்துபோகும் உறவினர்களின் கைப்பேசியில் மலேசியா மூன்று படங்களில் முடிந்துவிடுகிறது. இரட்டைக் கோபுரத்தை அண்ணாந்து எடுத்தது ஒன்று, பத்துமலை முருகன் சிலைக்கு முன்னால் குடும்பத்தோடு நின்றது ஒன்று, கெந்திங் மலைக் குளிரில் எடுத்தது ஒன்று. ஊருக்குத் திரும்பியதும் "கோலாலம்பூர் பார்த்தாச்சு" என்று தொடங்குகிறவர்கள், அதே பேச்சில் "மலேசியாவுல எல்லாரும் வசதியாத்தான் இருக்காங்க" என்று நாட்டுக்கே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். பத்துமலை கோலாலம்பூரில் இல்லை. சிலாங்கூரின் கோம்பாக் மாவட்டத்தில் இருக்கிறது. கெந்திங் பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. அவர்கள் வந்திறங்கிய விமான நிலையத்துக்குக் கோலாலம்பூரின் பெயர் வைத்திருந்தாலும், 1998ல் அது திறக்கப்பட்ட சிப்பாங்கும் சிலாங்கூர்தான். ஓடுபாதை கிடக்கும் நிலம் முன்பு செம்பனைத் தோட்டம். புகழ்பெற்ற நகரம் அக்கம்பக்கத்தில் இருப்பதையெல்லாம் தன் பெயரில் எழுதிக்கொள்கிறது.

வந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. சீட்டுப் பணம் எடுத்து, விடுப்புப் போட்டு, சில நாள் பயணமாக வருகிறவர், நாடே "இங்கே பாருங்கள்" என்று கைகாட்டும் இடத்தைத்தானே பார்ப்பார்? அந்தக் கோபுரங்கள் எழுந்ததே உலகம் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். 452 மீட்டர் உயரத்தோடு 1998 முதல் 2004ல் தைப்பே 101 முந்தும் வரை உலகத்திலேயே உயரமான கட்டடமாக அது நின்றது. மலேசியா எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாதவர்களுக்குக்கூட அதன் உருவம் தெரிந்தது. சிறிய நாட்டுக்கு அப்படியொரு அடையாளம் பெரிய பலம் என்பதை நான் மறுக்கவில்லை. சினிமாவும் அதையே பிடித்துக்கொள்கிறது. 2016ல் வந்த 'கபாலி'யின் கதைக்கு வேர், தோட்டத் தொழிலாளர்களின் கூலிப் போராட்டத்தில் இருக்கிறது. ஆனாலும் படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் மனதில் தங்கியது கோட்டு சூட்டும் அதற்குப் பின்னால் நின்ற கோலாலம்பூரும்தான்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொல்லி இதை நியாயப்படுத்துகிறவர்கள் உண்டு. சோற்றுக்கு அது சரி; ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே அடுப்பு. நாடு அப்படி வேகுவதில்லை. மலேசியாவின் பரப்பு ஏறக்குறைய 3,30,000 சதுர கிலோமீட்டர். அதில் கோலாலம்பூர் 243. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 3 கோடியே 24 லட்சம் பேர். தலைநகரில் 20 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. நூற்றுக்கு ஆறு பேர். கடலுக்கு அப்பால் இருக்கும் சபாவையும் சரவாக்கையும் சேர்த்தால் நாட்டின் நிலப்பரப்பில் பாதிக்கும் மேல் வரும். அவற்றுக்கு அந்த மூன்று படங்களில் இடமே இல்லை.

ஆனால் என் மனதை உறுத்துவது இந்தக் கணக்கு இல்லை. நகரம் பெருகப் பெருக, அங்கே வந்து சேரும் பொருள்களின் பூர்வீகம் மறைந்துபோகிறது. அரிசி பையில் வருகிறது, எண்ணெய் போத்தலில் வருகிறது, தண்ணீர் குழாயில் வருகிறது. விளைவித்தவர் யார், வெட்டியவர் யார், எந்த ஊர் என்பதெல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றன. நாடு சம்பாதித்ததை நகரத்தில் பார்க்கலாம்; எப்படிச் சம்பாதித்தது என்பதை அங்கே பார்க்க முடியாது. ஆகவே ஒரு நாடு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆகக் குறைவாக உதவும் இடம் அதன் புகழ்பெற்ற நகரம்தான் என்பது என் எண்ணம். கோலா சிலாங்கூரில் இருந்துகொண்டு கோலாலம்பூரைப் பார்ப்பதால் எனக்கு இப்படித் தோன்றலாம். என்றாலும் இங்கிருந்து பார்த்தால்தான் சில விஷயங்கள் தெரிகின்றன.

தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். சிலாங்கூர் ஆறு பிரேசர் மலைப் பக்கத்தில் பிறந்து, கோலா குபு பாரு, பத்தாங் காலி, பெஸ்தாரி ஜெயா எல்லாம் தாண்டி வந்து கோலா சிலாங்கூரில் கடலில் கலக்கிறது. கோலாலம்பூரும் அதை ஒட்டிய நகரங்களும் குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு இந்த ஓர் ஆற்றுத் தண்ணீர். சுத்திகரிப்பு நிலையங்களில் இரண்டு பெஸ்தாரி ஜெயா பக்கம்தான் இருக்கின்றன. (பழையவர்களுக்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்று சொன்னால்தான் விளங்கும், 2007ல்தான் பெயர் மாறியது.) 2020 செப்டம்பரில் ரவாங் பக்கத்தில் ஒரு கிளையாற்றில் தொழிற்சாலைக் கழிவு கலந்தது. நிலையங்களை மூட வேண்டியதாயிற்று. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் தண்ணீர் நின்றுபோனது. கைகழுவுங்கள், கைகழுவுங்கள் என்று வானொலியில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த கோவிட் காலம் அது. அடுக்குமாடிகளில் இருந்தவர்கள் வாளியும் கையுமாகத் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றார்கள். அந்த நாள்களில் சிலாங்கூர் ஆறு எல்லார் வாயிலும் அடிபட்டது. குழாயில் தண்ணீர் திரும்பியதும் ஆற்றின் பேச்சு நின்றுவிட்டது.

அதே ஆறு கடலை நெருங்கும்போது, கம்போங் குவாந்தானில், மின்மினிகளுக்கு வாழ்வு கொடுக்கிறது. இருட்டிய பிறகு சம்பானில் ஏறி உட்கார வேண்டும். மோட்டார் கிடையாது, துடுப்புதான். படகுக்காரர் பேச்சைக் குறைத்துக்கொண்டு பெரம்பாங் மரங்களை ஒட்டிப் படகை விடுவார். இலைகளில் அமர்ந்திருக்கும் ஆண் பூச்சிகள் ஒரே தாளத்தில் மின்னி மின்னி அணையும், நொடிக்கு மூன்று தடவை என்ற வேகத்தில். இந்தப் பூச்சி புழுவாக இருக்கும்போது ஆற்றங்கரை ஈர மண்ணில் சின்னச் சின்ன நத்தைகளைத் தின்று வளர்கிறது. அதற்கு மரம் வேண்டும், கரை வேண்டும், நன்னீரும் உப்புநீரும் கலக்கும் அளவு பிசகாமல் இருக்க வேண்டும். அதனால்தான், 2000களின் தொடக்கத்தில் கோலா குபு பாருவுக்கு மேலே அணை கட்டியபோது, கீழே இருக்கும் மின்மினிகளின் கதி என்ன என்று கேள்வி எழுந்தது. அந்த அணைக்காகத் தெமுவான் பழங்குடியினர் தங்கள் பழைய கிராமங்களை விட்டு வேறு இடத்தில் குடியேற வேண்டியிருந்தது. தலைநகரில் ஒருவர் பல் துலக்கத் திறக்கும் குழாயில் இவ்வளவும் சேர்ந்துதான் வருகிறது. அவர் எங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆற்றைக் கெடுக்கிறவன் மேல் அவருக்கும் எங்களைப் போலத் தினமும் கோபம் வர வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன். இப்போது அது குழாய் வறண்ட அன்றைக்கு மட்டும் வருகிறது.

இன்று தலைநகருக்கு இருக்கும் புகழ் ஒரு காலத்தில் இந்த ஆற்றுவாய்க்கே இருந்தது. புக்கிட் மெலாவத்திக் குன்றில் ஏறினால் பழைய பீரங்கிகளையும் சுல்தான்களின் கல்லறைகளையும் பார்க்கலாம். 18ஆம் நூற்றாண்டில் சிலாங்கூர் அரசு இங்கேதான் இருந்தது. 1784ல் டச்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராஹிம் மீட்டுக்கொண்டார். மலாக்காவில் உட்கார்ந்திருந்த டச்சு அதிகாரிக்கு அன்றைக்குச் சிலாங்கூர் என்றால் இந்தக் குன்றும் இந்தச் சேற்றுக்கரையும்தான். கோலாலம்பூர் அப்போது காடு. 1857ல்தான் ஈயம் தேடி ஆட்கள் அங்கே போனார்கள். 1880ல் அது மாநிலத்தின் தலைநகர், 1896ல் கூட்டு மலாய் மாநிலங்களின் தலைநகர், 1974ல் சிலாங்கூரிலிருந்தே பிரிந்து கூட்டரசுப் பிரதேசம். ஈயமும் ரப்பரும் போன வழியில் பெயரும் போனது. கோலா சிலாங்கூருக்கு 1907ல் கட்டிய கலங்கரை விளக்கமும் குரங்குகளும் மிஞ்சின என்று சுற்றுலாக்காரர்கள் நினைக்கிறார்கள்.

மிஞ்சியது அதைவிடப் பெரியது. பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்தில் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை ஹென்றி ஃபோக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917ல் அங்கேதான் போட்டார். உலகச் சந்தையில் மலேசியாவை நிறுத்திய எண்ணெய்க்கு வேர் இந்த மாவட்டத்து மண்ணில் இருக்கிறது. ஃபோக்கொனியே பிறகு எழுதிய 'மலேசி' நாவலுக்கு 1930ல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. அவரும் பாரிஸ்காரர் இல்லை. பார்பெசியே என்ற சிற்றூரில் பிறந்தவர். பாரிஸை வைத்துப் பிரான்சை எடைபோடுவது அந்த நாட்டுக்குள்ளேயே தீராத வழக்கு. தலைநகர் எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொண்டு மற்ற ஊர்களைக் காயவிடுகிறது என்று வாதாடி, 'பாரிஸும் பிரெஞ்சுப் பாலைவனமும்' என்ற நூலை 1947ல் ழான் பிரான்சுவா கிராவியே எழுதினார்.

தோட்டம் போட்டவர் பெயர் நாவலில் நிற்கிறது. தோட்டத்தில் நின்றவர்கள் சேலம், திருச்சி, தஞ்சாவூர் ஜில்லாக்களிலிருந்து நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்த எங்கள் பாட்டன் பூட்டன்மார். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், ரப்பரில் மங்கு மங்காகப் பால் சேர்த்து, பிறகு செம்பனைக்கு மாறியவர்கள். செம்பனைக் குலை வெட்டுவதை ஒரு தடவையாவது கிட்ட நின்று பார்க்க வேண்டும். நீண்ட கம்பின் நுனியில் வளைந்த அரிவாள். மரம் உயர உயரக் கம்பும் நீளும். நீண்ட கம்பு வளைந்து ஆடும், அதை நிமிர்த்திப் பிடிப்பதற்கே தோளில் வலு வேண்டும். முதலில் குலையைத் தாங்கும் மட்டையை அறுத்துத் தள்ளுவார்கள். அதற்குப் பிறகுதான் குலைக் காம்பு. இருபது கிலோ முள்ளுக் குலை விழும் நேரத்தில் வெட்டுகிறவர் எந்தப் பக்கம் காலை நகர்த்துகிறார் என்பதில் அவர் உயிர் இருக்கிறது. சிதறிய உதிரிப் பழங்களைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாக்கில் போடுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். இருபத்து நாலு மணி நேரத்துக்குள் குலை ஆலைக்குப் போயாக வேண்டும்; தாமதித்தால் எண்ணெய் புளித்துத் தரம் இறங்கும். இன்றைக்கு அந்தக் கம்பைப் பிடித்திருப்பவர் பெரும்பாலும் இந்தோனேசியராகவோ வங்காளதேசத்தவராகவோ இருப்பார். அவர் வீட்டிலும் "மலேசியா" என்றால் இரட்டைக் கோபுரப் படம்தான் சுவரில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

தோட்டத்தில் வீடு வேலையோடு ஒட்டியது. வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தால் லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். நாற்பது வருஷம் உழைத்தவர் ஒரு துண்டு நிலம் சொந்தமில்லாமல் வெளியே வருவார். 1950களின் கடைசியில் தோட்டத் துண்டாடல் வந்து வெள்ளைக்காரக் கம்பெனிகள் நிலத்தைக் கூறு போட்டு விற்றபோது, தொழிலாளர்களின் காசையே சேர்த்துத் தோட்டம் வாங்கலாம் என்று துன் சம்பந்தன் 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அது எல்லாரையும் காப்பாற்ற முடிந்த காரியம் அல்ல. பிற்பாடு வீடமைப்புத் திட்டங்களும் நெடுஞ்சாலைகளும் வந்து பல தோட்டங்கள் மறைந்தன. லயத்தில் இருந்தவர்கள் பட்டணத்து மலிவு அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். ஆகவே கோலாலம்பூரை எதிரியாக வைத்து நான் பேசவில்லை. அங்கே பாதுகாவலராக நிற்பவரும், லாரி ஓட்டுகிறவரும், மருத்துவமனையில் தாதியாக இருப்பவரும், நீதிமன்றத்தில் வாதாடும் வக்கீலும் பலர் இந்த லயங்களிலிருந்து போனவர்கள். கோபுரத்தை மட்டும் பார்த்துப் போகிறவர் கோலாலம்பூரையும் பார்க்கவில்லை.

வெளியூர்க்காரரின் தீர்ப்பு எங்களை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. அந்தத் தீர்ப்பை நாங்களே ஏற்றுக்கொண்டுவிடுகிறோமே, அதுதான் என்னை வருத்துகிறது. பெஸ்தாரி ஜெயாவில் பால் வெட்டி ஓய்ந்த ஓர் அம்மாவிடம், விருந்தாளிகளை இங்கேயும் கூட்டிவரலாமே என்று கேட்டேன். "இங்க என்னாப்பா இருக்கு பார்க்கறதுக்கு? எல்லாம் கே.எல்.லதானே இருக்கு" என்றார். அவர் வாழ்ந்த வாழ்க்கையே பார்க்கத் தகுந்தது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இளையவர்களிடமும் இதே பேச்சுதான். ஊரிலேயே தங்கிவிட்டவன் தோற்றவன், கே.எல். போனவன் ஜெயித்தவன். தஞ்சோங் காராங்கிலும் சிகிஞ்சானிலும் 1930களில் சதுப்பைத் திருத்திப் போட்ட வாய்க்கால்கள் இன்றும் வயலுக்கு நீர் கொண்டுபோகின்றன. அந்த மதகைத் திறந்து மூடத் தெரிந்த பையனை யாரும் கெட்டிக்காரன் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

எங்கள் பக்கமும் இதே பழக்கம் இருக்கிறது. தியாகராய நகரில் புடவை எடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள் "இந்தியாவுல கூட்டம் தாங்கல, எல்லாம் ஏமாத்துறானுங்க" என்று ஒரு நாட்டையே ஒரு கடைத்தெருவில் அடைத்துவிடுகிறார்கள். அவர்களுடைய தாத்தா சென்னையை வாழ்நாளில் பார்த்திருக்கவே மாட்டார். முசிறியிலோ துறையூரிலோ கிளம்பி நாகப்பட்டினத்தில் கடலைப் பார்த்தவர். திருச்சிக்கு இங்கிருந்து நேராகவே விமானம் போகிறது. அதில் இறங்கியும்கூட வாடகைக் காரைச் சென்னைக்கு விடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இங்குள்ள தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் வருஷா வருஷம் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிக் கோலாலம்பூருக்குக் கூட்டிப்போகின்றன. அறிவியல் மையம், விலங்குக் காட்சிச்சாலை, கோபுரம். நல்ல காரியம். அதே சாலையில் அங்கிருந்து இங்கே ஒரு பேருந்து வரலாம். லத்தார் நெடுஞ்சாலை 2011ல் திறந்த பிறகு பயணம் சுலபம். பட்டணத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: ஐந்தாம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளைப் பள்ளி விடுமுறையில் ஒரு நாள் கூட்டிவாருங்கள். காலையில் ஆற்றையும் தண்ணீர் எடுக்கும் இடத்தையும் பார்க்கலாம், வெயில் ஏறுமுன் தோட்டத்தில் குலை வெட்டுவதைப் பார்க்கலாம், மத்தியானம் புக்கிட் ரோத்தான் கோயிலில் சாப்பிட்டுவிட்டுப் பழைய பால்மரத் தொழிலாளி ஒருவரோடு உட்கார்ந்து பேசலாம். இருட்டிய பிறகு கம்போங் குவாந்தான். இரண்டு வாரம் முன்கூட்டிச் சொல்லுங்கள்; வெட்டு நடக்கும் பிரிவு எது என்று விசாரித்து, தோட்டத்தில் அனுமதி வாங்கி வைக்கிறேன்.