வயசான துப்பாக்கி

ஒரு துப்பாக்கி எத்தனை வயசில் துப்பாக்கியாக இருப்பதை விட்டுவிடுகிறது? சட்டங்களிடம் இதற்குப் பதில் இருக்கிறது. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுச் சட்டம், 1898 வரை செய்யப்பட்டவற்றைத் தொல்பொருள் என்கிறது. பிரான்ஸில் பொதுவாக 1900 ஜனவரி 1க்கு முந்தைய மாதிரி என்றால் உரிமம் வேண்டியதில்லை. இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்குப் பழமை மட்டும் போதாது. பழுதுபார்த்தாலும் சுட முடியாது என்ற நிலையில் இருந்தால்தான் விலக்கு. பாரிஸில் சுவர் அலங்காரமாக இருப்பது, விழிதியூருக்கு வந்தால் வழக்காகிவிடலாம்.

எங்கள் காரைக்கால் 1954 நவம்பர் வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. ஒரு கால் இங்கே, ஒரு கால் பிரான்ஸில் என்று வாழும் குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய. என் மாமா ஒருத்தர் அப்படித்தான். அவருடைய தாத்தா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக இந்தோசீனா போனவர். மாமா சேகரிப்பது பழைய ராணுவக் கார்பைன்கள், அதிலும் ஒற்றைத் தோட்டா ரகம். போன மாசம் வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினார்: 1874 மாதிரி கிரா கார்பைன், குதிரைப்படைக்குச் செய்தது, செயின்ட் எத்தியென் தொழிற்சாலை முத்திரையோடு. "எப்படி மாப்ள இருக்கு?" என்று கேட்டார். அழகாகத்தான் இருந்தது. அந்த அழகுதான் எனக்கு உறுத்துகிறது.

ஒற்றைத் தோட்டா என்றால், குழலின் பின்பக்கத்தைத் திறந்து ஒரு தோட்டாவை வைத்து, மூடி, சுட்டு, மறுபடி திறந்து வெற்றுக்கூட்டை வெளியே எடுக்கணும். அடுத்ததுக்குக் கை மறுபடி தோட்டாப் பைக்குப் போகணும். சேகரிப்பவர்களில் சிலர் இதில் ஒரு கண்ணியத்தைப் பார்க்கிறார்கள். "ஒவ்வொரு குண்டும் ஒரு முடிவு மாப்ள, மெஷின்கன் மாதிரி கண்ணுமண்ணு தெரியாம இல்ல" என்பார் மாமா.

ஆனால் அந்த முடிவு யாருடையது? வரிசையில் நின்றவன் கட்டளைக்குச் சுட்டான். 1879இல் உலுண்டியில் ஆங்கிலேயப் படை சதுரமாக அணிவகுத்து நின்றது. பீரங்கியும் காட்லிங்கும் இருந்தன. ஆனால் நாலு பக்கமும் நின்ற சிப்பாய்களின் கையில் ஒற்றைத் தோட்டா மார்ட்டினி-ஹென்றிதான். ஜூலு வீரர்கள் ஆயிரத்துக்கும் மேல் அங்கே விழுந்தார்கள். மெதுவாகச் சுடும் துப்பாக்கி என்பதால் யாரும் மெதுவாகச் சாகவில்லை.

நம் நாட்டில் இந்தப் பழமைக்கு இன்னொரு முகமும் உண்டு. 1857க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்க்கு, உட்புறம் வரி வெட்டாத வழவழப்பான குழல் கொண்ட துப்பாக்கி கொடுத்தார்கள். தூரத்துக்குக் குறி நிற்காது. வெள்ளைக்காரன் மார்ட்டினிக்கு மாறியபோது இவனுக்கு ஸ்னைடர். அவன் பல தோட்டா போடும் லீ-மெட்ஃபோர்டுக்குப் போனபோது இவனுக்கு மார்ட்டினி. எப்போதும் ஒரு தலைமுறை பின்னாடியே நிற்க வைத்தார்கள். இன்று நாம் 'பழங்காலத்து' என்று வருடிப் பார்க்கும் பொருள், வந்த நாளிலேயே பழசாக வந்தது. அந்த இரும்பில் உறைந்திருப்பது அவநம்பிக்கை.

புறநானூற்றின் 95ஆம் பாட்டில், தொண்டைமானின் ஆயுதச்சாலையில் நிற்கிறாள் ஔவை. பீலி சூட்டி, நெய் பூசி, பளபளப்பாக இருக்கும் வேல்களைப் புகழ்வதுபோல் புகழ்ந்துவிட்டு, அதியமானின் வேல்கள் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள். இவை போரே பார்க்காதவை என்ற கிண்டல் அது. நவீன சேகரிப்பாளனின் ஆசை விசித்திரமானது. அவனுக்குத் தொண்டைமானின் பளபளப்பும் வேணும், அதியமானின் போர்க்களமும் வேணும். இன்ன போரில் இருந்தது என்று நிரூபிக்க முடிந்தால் விலை ஏறுகிறது. அந்தக் கூடுதல் பணம் எதற்குக் கொடுக்கப்படுகிறது என்று ஒரு தடவையாவது கேட்டுப் பார்க்கணும்.

கார்பைனில் தொழிற்சாலையின் பெயர், வருஷம், கிரீடம், படைப்பிரிவின் எண் எல்லாம் இருக்கும். செய்தவன், கொடுத்தவன், பிடித்தவன் வரைக்கும் படித்துவிடலாம். குழலின் எதிரே நின்றவனைப் பற்றி ஒரு எழுத்து கிடையாது.

அப்படியானால் உருக்கிவிடலாமே? கூடாது என்றுதான் நினைக்கிறேன். உருக்கினால் முத்திரை அழியும். அந்தக் கொலைகளை இன்னார் செய்தார்கள் என்பதற்கான சாட்சியும் போகும். வைத்திருப்பதற்கு ஒரு நியாயம் உண்டு என்றால் இதுதான்: சாட்சியைக் காப்பது. ஆனால் சாட்சியைக் காப்பவன் அதைப் பேச விடணும். வீட்டுக்கு வருகிறவர்களிடம் பொறிமுறையை விளக்குகிற வாய், அது எந்த நாட்டில் யார்மேல் திருப்பப்பட்டது என்பதையும் சொல்லணும்.

காரைக்கால்காரர்களுக்கு இது கொஞ்சம் கூடுதல் சிரமம். 1884-85இல் பிரெஞ்சுப் படை தோங்கினில் கிரா துப்பாக்கியோடு சண்டை போட்டது. அறுபது வருஷம் கழித்து, அப்படிப் பிடித்த நாட்டைக் கைவிடாமல் வைத்திருப்பதற்கான போரில் எங்கள் ஊர்ச் சொல்தாக்களும் இருந்தார்கள். அடிமைப்பட்டவர்கள் என்று மட்டும் சொல்லிக்கொண்டு குழலின் ஒரு பக்கத்தில் நாங்கள் நின்றுவிட முடியாது. விசைப் பக்கத்திலும் எங்கள் கை இருந்திருக்கிறது. சம்பளமும் பென்ஷனும் வந்திருக்கின்றன. அதைச் சொல்லக் கூச்சப்படுகிற வீட்டில் அந்தக் கார்பைன் வெறும் அலங்காரமாகத்தான் தொங்கும்.