ஆரம்பசூரனின் சாட்சி

தொடங்கியதை முடிக்காதவனைக் குறிக்கத் தமிழில் வார்த்தைகளுக்குப் பஞ்சமில்லை. ஆரம்பசூரன் என்கிறோம். அரைக்கிணறு தாண்டுகிறவன் என்கிறோம். வள்ளுவர் மடியின்மை அதிகாரத்தில் காலம் நீட்டித்தல், மறதி, சோம்பல், தூக்கம் என்ற நான்கையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறார். இவை எல்லாமே தீர்ப்புகள். முடிக்காமை சங்கல்பத்தின் குறை, ஆகவே குணத்தின் குறை என்ற அனுமானம் இவற்றின் அடியில் இருக்கிறது. இந்த அனுமானம் எங்கே உடைகிறது என்று பார்க்க மிக அற்பமான ஒரு விஷயம் உதவும்: வீடியோ விளையாட்டு.

ஏ.டி.ஹெச்.டி. என்ற கவனக் கோளாறு உள்ளவர்கள் பலரிடம் ஒரு புகார் உண்டு. புகார் தங்களைப் பற்றியேதான். ஆசைப்பட்டு, காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுகள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றில்கூட முடிவைப் பார்த்ததில்லை. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். இதுவும் ஒரு துக்கமா? ஆனால் சிரித்து முடித்தபின் யோசித்தால் விஷயம் விசித்திரமாகப் படுகிறது. வீட்டுப்பாடத்தை முடிக்காத பையனைச் சோம்பேறி எனலாம். பாடம் கசக்கிறது, தப்பிக்கிறான். விளையாட்டை முடிக்காதவன் எதிலிருந்து தப்பிக்கிறான்? அங்கே கசப்பு இல்லை, கட்டளை இல்லை, ஏச்சு இல்லை. பெர்னார்ட் ஸூட்ஸ் 1978ல் வெளியான ‘வெட்டுக்கிளி’ நூலில் விளையாட்டுக்குத் தந்த வரையறையின் சாரம் இது: அவசியமில்லாத தடைகளை விரும்பி ஏற்றுத் தாண்ட முயல்வது. விருப்பமே அஸ்திவாரமாக இருக்கும் இடத்தில் சோம்பல் என்ற சொல்லுக்கு வேலை ஏது?

அரிஸ்டாட்டிலின் மனவலியின்மை பற்றிய விசாரமும் இங்கு கைகொடுப்பதில்லை. நல்லது எது என்று அறிந்தவன் இன்பத்தால் இழுக்கப்பட்டு வேறு செய்கிறான் என்பதே அவருடைய பிரதான சித்திரம். புத்திக்கும் இன்பத்துக்கும் இழுபறி, இன்பம் ஜெயிக்கிறது. நம் நீதி நூல்களும் பெற்றோர்களும் வைத்திருப்பது ஏறக்குறைய இதே சித்திரம்தான். முடிக்கப்படாத ஆட்டம் இதற்குள் அடங்காது. இங்கே கைவிடப்படுவது இன்பமே.

மருத்துவமும் தீர்ப்பிலிருந்துதான் தொடங்கியது. 1902ல் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் லண்டனில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில், புத்திக் குறைவு இல்லாத சில குழந்தைகளிடம் தாம் கண்ட நடத்தையைத் தார்மீகக் கட்டுப்பாட்டின் குறைபாடு என்று வகைப்படுத்தினார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 1968ல் குழந்தையின் ஓயாத அசைவைப் பெயராக்கியது. 1980ல் கவனத்தைப் பெயராக்கியது. 1987ல் இரண்டும் சேர்ந்து இன்றைய பெயர் வந்தது. 1980 பதிப்பில் கவனமின்மையின் அறிகுறிகளில் முதலாவது, தொடங்கியதை அடிக்கடி முடிக்காமல் விடுவது. ஆரம்பசூரன் வசைப் பட்டியலிலிருந்து நோய்க்குறிப் பட்டியலுக்கு இடம் மாறினான். பட்டியல் மாறியதாலேயே தீர்ப்பு பொய்யாகிவிடாது. வசைக்குக் கௌரவமான பெயர் சூட்டிவிட்டார்கள் என்று ஒருவர் சந்தேகிக்கலாம். ஆகவே காரியம் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

போலந்தில் உருவாகி 2015ல் வெளிவந்த ‘தி விட்சர் 3’ என்ற ஆட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். கெரால்ட் என்பவன், தான் மகளாகப் பாவிக்கும் ஸிரியைத் தேடிப் போகிறான். பிரதானக் கதைக்கு மட்டும் சுமார் 50 மணி நேரம். கிளைகளும் சேர்ந்தால் 100ஐத் தாண்டும். தொடக்கத்தில் எல்லாம் புதிது: வாள்வீச்சு, குதிரை, கிணற்றடிப் பேய், சத்திரத்துச் சீட்டாட்டம். நிமிஷத்துக்கு ஒன்று கைவருகிறது. கைவந்தது உடனே பலன் தருகிறது. புதுமையும் உடனடிப் பலனும் இருக்கும்வரை இவனுடைய கவனம் தானாக நிற்கும். முப்பதாவது மணி நேரத்தில் அதே வாள்வீச்சு. பலன் தள்ளிப் போகிறது. மற்றவர்கள் தூரத்து முடிவைக் கற்பனையில் இன்றைக்கே கொண்டுவந்து அதன் பலத்தில் நடந்துவிடுகிறார்கள். இவனுக்கு அந்த முடிவு வெறும் தகவலாக நிற்கிறது. ஒரு வாரம் விட்டுப்போகிறது. இரண்டு மாதமாகிறது. திரும்பி வந்தால் எந்தப் பொத்தான் எதற்கு என்பது மறந்திருக்கிறது. யாரைத் தேடி இந்த ஊருக்கு வந்தோம் என்பதும் மறந்திருக்கிறது. பழையதை மறுபடி கற்பதைவிடப் புதிதாக ஒன்றைத் தொடங்குவது சுலபம். தொடங்குகிறான். இந்தக் கிரமத்தில் எந்த இடத்திலும் அவன் விட்டுவிடத் தீர்மானிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஓர் ஆட்சேபம் எழும். சோறு தண்ணீர் இல்லாமல் ஆறு மணி நேரம் ஆடியவன்தானே இவன்? மனம் வைத்தால் முடியும் என்பதற்கு வேறு அத்தாட்சி எதற்கு? இது கவனத்தைக் குதிருக்குள் நெல்லாக நினைப்பதால் வரும் கேள்வி. இவனிடம் நெல் இருக்கிறது. வேண்டியபோது திறந்து, வேண்டாதபோது அடைக்கிற கதவுதான் தளர்ந்திருக்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020ல், இக்கோளாறு உள்ள 8 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கு ஒரு வீடியோ விளையாட்டையே மருத்துவர் எழுதித்தர அனுமதித்தது. அந்த மருந்தையும் வாரக்கணக்கில் விடாமல் ஆடித்தான் சாப்பிட வேண்டும். இல்லாத ஒன்றை முதலீடாகக் கேட்கிற மருந்து.

இன்னொரு ஆட்சேபம்: ஆட்டத்தை யார்தான் முடிக்கிறார்கள்? நியாயமானதே. ஸ்டீம் போன்ற கடைகள் பகிரங்கமாக வைக்கும் கணக்குகளைப் பார்த்தால், பல பெரிய ஆட்டங்களில் வாங்கியவர்களில் பாதிப்பேர்கூடக் கடைசிக் கட்டத்தை எட்டவில்லை. ஆனால் போதும் என்று எழுந்து போகிறவனும், போதாமலே நழுவிப் போகிறவனும் ஒன்றல்ல. முன்னவன் ஆட்டத்தை மறந்துவிடுகிறான். பின்னவனுக்குப் பாதிக் கடிதமும் பாதி ஆராய்ச்சியும் பாதி துவைத்த துணியும் அதே வரிசையில் நிற்கின்றன. அறிகுறிகள் பால்யத்திலிருந்தே, ஒன்றுக்கு மேற்பட்ட களங்களில் தெரிய வேண்டும் என்று மருத்துவர்கள் நிபந்தனை வைப்பது இதனால்தான். ஆட்டம் நோயை நிரூபிக்காது. சோம்பல் என்ற குற்றச்சாட்டை மறுக்கும். அதன் சாட்சியம் அவ்வளவே, அது போதும்.

அப்படியானால் எல்லாம் மன்னிக்கப்பட்டுவிட்டதா? ஸிரி பத்து வருஷமானாலும் அதே இடத்தில் காத்திருப்பாள். அவளுடைய அவசரம் நாடகம். கையெழுத்துப் பிரதிக்காகக் காத்திருக்கும் நண்பன் அப்படி இல்லை. பள்ளி வாசலில் நிற்கும் குழந்தையும் அப்படி இல்லை. முடித்தாக வேண்டும் என்ற கடமை, தொடங்கிவிட்டதால் மட்டும் பிறப்பதில்லை. மறுமுனையில் ஒருவர் காத்திருப்பதால் பிறக்கிறது. ஆட்டத்தின் மறுமுனையில் யாருமில்லை. அங்கே வெட்கத்துக்காக முடிப்பவன் விளையாட்டை வீட்டுப்பாடமாக்கிக்கொள்கிறான். ஆள் நிற்கும் இடத்தில் கடன் கடன்தான். அடைக்கும் வழி மட்டும் வேறு. ஏசுவது, எது தளர்ந்திருக்கிறதோ அதையே இறுக்கிக் காட்டு என்கிறது. கடிகாரமும், வேலையைத் துண்டாக்குவதும், பக்கத்தில் ஒருவர் உட்காருவதும், தேவையானால் மருந்தும் வெளியிலிருந்து ஒரு தாழ்ப்பாளைத் தருகின்றன. அதை இரவல் வாங்குவதில் கேவலம் எதுவும் இல்லை.

எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு சௌகரியமான மயக்கம் உண்டு. காஃப்காவின் மூன்று நாவல்களும் முற்றுப்பெறாதவை. அதை நவீனத்துவத்தின் லட்சணமாகவே கொண்டாடுகிறோம். அதே ஆசாமி அடுத்த அறையில் இருந்தால் ஆரம்பசூரன் என்போம். கொண்டாட்டம், வசை இரண்டுமே அவனைப் பார்க்காமல் இருப்பதற்கான வழிகள். பிள்ளை விளையாட்டில் மட்டும் மணிக்கணக்காக உட்காருகிறான் என்று குற்றப்பத்திரிகை வாசிக்கும் தகப்பனார்கள் பார்க்கத் தொடங்க ஒரு கேள்வி இருக்கிறது: அந்த ஆட்டங்களில் எத்தனையை அவன் முடித்திருக்கிறான்?